பஞ்சக்காவின் ஆற்றங்கரை

பல் டாக்டரிடம் போகிறவர்கள் முதலில் பார்ப்பது பஞ்சக்காவைத்தான். வாசல் அறையில், மேசைக்குப் பின்னால், கையில் ஒரு பஞ்சு உருண்டையோடு உட்கார்ந்திருப்பாள். அவளுடைய சொந்தப் பெயர் என்ன என்று கேட்டால் டாக்டரே கொஞ்சம் யோசிப்பார். வாயில் ரத்தம் வந்தால் பஞ்சு, மேசையில் தூசு படிந்தால் பஞ்சு, கதவுப் பிடியில் கைரேகை பட்டால் ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சு. அப்படியே பெயரும் ஒட்டிக்கொண்டது. டாக்டர் அவளைவிட இளையவர், அதனால் "அக்கா" என்பார். மற்ற எல்லோருக்கும் பஞ்சக்கா.

வாயில்லாப் பூச்சி. நாள் முழுக்க ஊரார் வாயைத் திறந்து பார்க்கிறவள், தன் வாயைத் திறக்க மாட்டாள். யார் என்ன கேட்டாலும் "பரவாயில்ல" என்பதுதான் பதில். தம்பி வீட்டில் இருக்கிறாள். முதலில் அவளுக்கென்று ஓர் அறை இருந்தது. தம்பிக்குக் கல்யாணம் ஆனதும் அது அவனுக்குப் போயிற்று. மூலையில் ஒரு கட்டில் இருந்தது, பிள்ளைகள் வளர்ந்ததும் அது அவர்களுக்குப் போயிற்று. இப்போது ஹாலில், எல்லோரும் டிவி பார்த்து முடித்த பிறகு, பாயை விரித்துக்கொள்கிறாள். "அத்தை, கொஞ்சம் நகருங்க" என்பதுதான் அந்த வீட்டில் அவள் அதிகம் கேட்ட வாக்கியம். தம்பி கெட்டவன் இல்லை, வீடுதான் சின்னது. ஆனால் சின்ன வீட்டில் ஒவ்வொரு தடவையும் நகர வேண்டியவள் அவள்தான் என்று யார் எழுதி வைத்தார்கள்? இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவளுக்கு வராது. அவளுக்குப் போக ஓர் இடம் இருந்தது.

அந்த இடம் அவளுடைய மேசைக்கு நேர் எதிர்ச் சுவரில் மாட்டியிருந்தது. சின்ன எண்ணெய் வண்ணப் படம், இரண்டு கையை விரித்து வைத்தால் மறைந்துவிடும். டாக்டர் இந்த வீட்டை வாடகைக்கு எடுத்து ஆஸ்பத்திரியாக்கியபோதே சுவரில் இருந்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஒன்றுமே கிடையாது. பச்சை ஓர் அப்பல், மஞ்சள் ஓர் அப்பல், ஊதாவில் நாலு இழுப்பு. சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் மாட்டி வைத்த மாதிரி இருக்கும். ஆனால் பஞ்சக்காவின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள், அடேயப்பா! ஆறு வளைந்து போகும். கரையில் இரண்டு மரம் அசையும். வெயிலில் ஒரு மண்பாதை தண்ணீர் வரைக்கும் இறங்கும். தூரத்து மலை இருக்கிறதா கரைகிறதா என்று தெரியாமல் நிற்கும்.

மத்தியானம் கூட்டம் குறைந்ததும் அவள் கிளம்பிவிடுவாள். உடம்பு நாற்காலியிலேயே இருக்கும். உள்ளறையில் டாக்டரின் டிரில் ரீங்கரிக்கும். அந்தச் சத்தம் மெல்ல மெல்ல வண்டுச் சத்தமாகும். மண் காலில் சுடும். தண்ணீரில் காலை விட்டால் ஒரு சிலிர்ப்பு. மீன் கணுக்காலை முகர்ந்து பார்த்துவிட்டு, இவள் நம்ம ஆள்தான் என்று போய்விடும். சில நாள் மழை வரும். படத்தில் மழை கிடையாது, ஆனால் அவள் போகிற அன்றைக்கு வரும். நனைந்துகொண்டே நிற்பாள். "அக்கா, அடுத்த ஆளை அனுப்புங்க" என்று டாக்டர் கூப்பிட்டால் திரும்பி வந்துவிடுவாள்.

இவ்வளவு பிரியம் வைத்தவள்தான் அதைக் கெடுத்தாள். பாதையின் நடுவில் ஓர் ஈ அசிங்கம் பண்ணி வைத்திருந்தது. ஸ்பிரிட் பஞ்சால் ஓர் ஓரமாகத் துடைத்தாள், போகவில்லை. சும்மா இருந்திருக்கலாம். சொத்தைப் பல்லைக் குத்திப் பார்க்கிற கொக்கி ஊசியை எடுத்து வந்து மெதுவாக நெம்பினாள். அழுக்கோடு சேர்ந்து ஓர் அரிசி அளவுக்கு வண்ணமும் பெயர்ந்து விழுந்தது. வேறு யாராக இருந்தாலும் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருப்பார்கள். பஞ்சக்காவுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: குழி விழுந்தால் அடைக்க வேண்டும். அன்றைக்கு ஒரு கடைவாய்ப் பல்லுக்குக் குழைத்த சிமென்ட் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதை வைத்து அடைத்து, விரலால் நீவிவிட்டாள்.

நாற்காலிக்குத் திரும்பி வந்து நிமிர்ந்து பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாதையில் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். வெள்ளை உடுப்பு, ஒல்லி உடம்பு, ஆற்றைப் பார்த்த முகம்.

டாக்டர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பிள்ளையார் பிடிக்கக் குரங்கா முடியும்பாங்க. உங்களுக்குப் பொம்பளையா முடிஞ்சிருக்கு. நான்கூட இவ்வளவு நேர்த்தியா அடைக்க மாட்டேன்க்கா!"

அன்றிலிருந்து படத்துக்குள் போவது இன்னும் சுலபமாயிற்று. போக வேண்டியதே இல்லை, அங்கேதான் இருந்தாள்.

இப்படி வருஷங்கள் ஓடின. பிறகு ஒரு நாள் தையல் மிஷின் ரிப்பேர்காரர் ஒருவர் கன்னம் வீங்கி வந்தார். வயசானவர். விரல் இடுக்கெல்லாம் மிஷின் எண்ணெய்க் கறுப்பு. டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு, "கொஞ்ச நேரம் வெளிய உட்காருங்க" என்று அனுப்பினார். வந்தவர் உட்காரவில்லை. படத்துக்கு முன்னால் போய் நின்றவர் நின்றவர்தான்.

"இது நான் போட்டது" என்றார். பாதி உதடு மரத்திருந்ததால் வார்த்தை கோணலாக வந்தது. "கூட்டாளி கல்யாணத்துக்குக் குடுத்தேன். இந்த வீட்டுலதான் குடியிருந்தான். ஆணியோட விட்டுட்டுப் போயிருக்கான் பாரு, படுபாவி!"

அவர் இன்னும் பக்கத்தில் போனார். மூக்கு படத்தில் இடித்தது.

"இது யாரு?"

அவள் எழுந்து நின்றாள்.

"இங்க ஆளே கிடையாதும்மா. நான் ஆள் போடல. யாரு வச்சது இதை?"

பொய் சொல்ல அவளுக்குத் தெரியாது. ஈ, ஊசி, சிமென்ட் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். அவர் கோபத்தில் பேசப் பேச எச்சில் தாடையில் வழிந்தது. பல்லு போனா சொல்லு போச்சு என்பார்கள்; இவருக்குப் பல் போவதற்கு முன்பே சொல் தடுமாறியது. சத்தம் கேட்டு டாக்டர் வெளியே வந்தார்.

"எங்க வீட்டுல ஒரே அறை, டாக்டர்" என்றார் ரிப்பேர்காரர். "அண்ணன் தம்பி எல்லாரும் தலைமாடு கால்மாடாத்தான் படுப்போம். வேலைக்குப் போனா கம்பெனியில வரிசை வரிசையா மிஷின், வரிசை வரிசையா ஆளு. மனுஷ வாடையே இல்லாத ஒரு இடம் வேணும்னு நெனச்சு நெனச்சுப் போட்டது இது. பாதி பார்த்தது, பாதி நானாக் கண்டது. மத்த படமெல்லாம் கூரை ஒழுகிப் போச்சு. இது ஒண்ணுதான் மிச்சம். குடுத்ததைத் திருப்பிக் கேக்கற ஆள் நான் இல்ல, இங்கயே இருக்கட்டும். ஆனா அந்த வெள்ளையை எடுத்துடணும். நாளைக்கு வண்ணம் கொண்டாந்து குழியை நானே மூடிடறேன்."

நியாயமான பேச்சு. டாக்டர் பஞ்சக்காவைப் பார்த்தார். "அவர் படம். என்னக்கா சொல்றீங்க?"

"பரவாயில்ல" என்றாள் பஞ்சக்கா.

அந்தப் பாழாய்ப்போன வார்த்தை! அன்று ராத்திரி ஹாலில் படுத்தவளுக்குக் கண் மூடவில்லை. அறை போனபோது தூங்கினாள், கட்டில் போனபோதும் தூங்கினாள். இதற்கு மட்டும் முடியவில்லை.

மறுநாள் ரிப்பேர்காரர் பிடுங்கிய பல்லின் இடத்தில் வீக்கத்தோடும், கையில் ஒரு பழைய தகரப் பெட்டியோடும் வந்தார். கத்தியால் சுரண்டினால் சுற்றியுள்ள வண்ணமும் சேர்ந்து வரும் என்று டாக்டர் சொன்னார். பல்லில் அடைத்த சிமென்ட்டை எடுக்கிற மாதிரி டிரில்லால்தான் எடுக்க வேண்டும். ஆகவே ஆறும் மரமும் மலையும் பல் நாற்காலியில், தலை வைக்கிற இடத்தில், மல்லாந்து படுத்தன. டாக்டர் பெரிய விளக்கை இழுத்துத் தாழ்த்தினார். பழக்க தோஷத்தில், "ஆ காட்டுங்க" என்று சொல்லிவிட்டு, தானே அசடு வழிந்தார்.

வழக்கம்போலப் பஞ்சக்கா பக்கத்தில் நின்றாள். விளக்கு வெளிச்சத்தில் ஆறு பளபளத்தது. இவ்வளவு கிட்டத்தில் அவள் அதைப் பார்த்து நெடுநாளாயிற்று. வெறும் அப்பல்கள்தான். ஆனால் பார்க்கப் பார்க்க, அப்பல்களுக்கு நடுவே காற்று வீசியது. டிரில் ரீங்கரிக்கத் தொடங்கியது, வண்டுகள் வந்தன, பாதங்களுக்குக் கீழே மண் சுட்டது. பாதையில் நின்றவள் முதல் தடவையாக ஆற்றை விட்டுத் திரும்பி அவளைப் பார்த்தாள். டிரில்லின் முனை இறங்கிக்கொண்டிருந்தது.

"வேணாம்."

டாக்டர் கையை நிறுத்தினார். யார் பேசியது என்று ஒரு கணம் அவருக்குப் புரியவில்லை.

"எடுக்காதீங்க ஐயா" என்றாள் ரிப்பேர்காரரிடம். "அவ யாரையும் தொந்தரவு பண்ண மாட்டா. சத்தம் போட மாட்டா. நீங்க அங்க வந்து உட்கார்ந்தா உங்ககூடப் பேசக்கூட மாட்டா. உங்களுக்கு இடம் பத்தலைன்னா, கொஞ்சம் தள்ளி..."

அங்கே நின்றுவிட்டாள். முகம் சிவந்தது.

"இல்ல. தள்ளிப் போக மாட்டா. அவளுக்குப் போக வேற இடம் இல்ல."

டிரில்லின் சத்தம் அடங்கியது. ரிப்பேர்காரர் அவளைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். பிறகு படத்தை எடுத்துக்கொண்டு மளமளவென்று வெளியே நடந்தார். அவ்வளவுதான், கொண்டு போகிறார் என்று அவள் நினைத்தாள். அவரோ அதை ஆணியில் மாட்டிவிட்டு, மேசையைச் சுற்றி வந்து, அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தார். வெகுநேரம் படத்தையே பார்த்தார்.

"இங்கருந்து நான் பார்த்ததே இல்ல" என்றார் கடைசியில். "அவ எந்நேரத்துக்கு அங்க வருவா?"

"மத்தியானம் தாண்டி. கூட்டம் குறைஞ்சதும்."

"தப்பாச்சே" என்று நாக்கைச் சப்புக் கொட்டினார். "மத்தியானம் தாண்டினா வெயில் மலைப் பக்கம் இருந்துல்ல வரும்? மரத்துக்கு நிழல் இருக்கு, கரைக்கு நிழல் இருக்கு. இவளுக்கு மட்டும் இல்ல பாருங்க. நிழல் இல்லாததாலதான் யாரோ கொண்டாந்து ஒட்டின மாதிரி நிக்கிறா."

தகரப் பெட்டியைத் திறந்தார். பாதி இறுகிப்போன வண்ணக் குழாய்களை நசுக்கி, ஊதாவும் துளி பச்சையும் எடுத்து, டாக்டர் சிமென்ட் குழைக்கிற கண்ணாடியிலேயே குழைத்தார். படத்துக்கு முன்னால் போய், மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவள் காலடியில் ஆரம்பித்து ஒரே ஓர் இழுப்பு இழுத்தார்.

"வந்து பாருங்கம்மா" என்று நாற்காலியைக் காட்டினார்.

பஞ்சக்கா உட்கார்ந்தாள். வெயில் பாதையில் கிடந்தது. வெள்ளை உடுப்புக்காரிக்குக் காலடியில் ஒரு நிழல் விழுந்திருந்தது. மெல்லிசாக, அவள் நிழல், அவளுக்கே அவளுக்கென்று. பஞ்சக்கா வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். என்னவென்று புரியாமல் டாக்டரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ரிப்பேர்காரர் பெட்டியை மூடி இடுக்கிக்கொண்டு, வாசலில் செருப்பை மாட்டினார்.

"எண்ணெய் வண்ணம், காயறதுக்கு நாளாகும்" என்றார். "அதுவரைக்கும் யாரும் அவளைத் தொடாம பார்த்துக்குங்க."