இல்லாத டி டிரைவ்

எங்கள் பனியன் கம்பெனிக்கு லேபிள் அடிக்கும் புரோகிராம் எழுதியவரே, நீங்கள் சோம்பேறி. புதுக் கம்ப்யூட்டருக்கு மாற்றியதும் அது ஃபைலைக் காணோம் என்று நின்றுவிட்டது. சாயங்காலம் கன்டெய்னர் கிளம்பவேண்டும். ஒரு பெட்டியிலும் லேபிள் இல்லை.

சரிசெய்ய மங்கலத்திலிருந்து ஒரு பெண் வந்தார். குள்ளம், தலைநிறையக் கனகாம்பரம். தப்பைக் கண்டுபிடித்ததும் வாய்விட்டுச் சிரித்தார்.

"எதுக்குங்க சிரிப்பு?" என்று எரிந்து விழுந்தேன்.

"ஃபைல் டி டிரைவுல இருக்குதுன்னு எழுதி வெச்சிருக்காருங்க. இதுல டி டிரைவே இல்லீங்களே. புரோகிராம் இருக்கற ஃபோல்டர்லயே தேடச் சொல்லிட்டேனுங்க. இனி கணியூருக்குத் தூக்கிட்டுப் போனாலும் ஓடும்."

"எழுதுன ஆளையும் அதே ஃபோல்டர்ல போட்டுப் பூட்டுங்கக்கா" என்றாள் பேக்கிங் பெண் ஒருத்தி.

லேபிள் சரசரவென்று வந்தது. எல்லோரும் சிரித்தோம், நானும்தான். அடுத்தவர் தப்பில் சரிசெய்ய வந்தவருக்கு எப்படிக் கோபமே வரவில்லை என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.

எனக்கு வருகிறது. கம்பெனிக்காரர்கள் எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் வந்து சொல்லுங்கள்: அந்த ஒரு வரியை ஒழுங்காக எழுத உங்களுக்கு என்ன கேடு?