வெள்ளிக்கிழமைக் கூட்டம்

ஒட்டுசுட்டான் ஊர் நேசமலருக்கு மூக்கு நுனியில் கோபம். ஆண்டுக்கணக்காய் நடக்காத மாகாண சபைத் தேர்தலை வைக்கச் சொல்லிக் கொழும்பு அரசைக் கேட்க, வயல் செய்யும் இந்துக் குடும்பங்களை அதட்டியே திரட்டினார். இடம்பெயர்ந்து ஊர் திரும்பிய முஸ்லிம் குடும்பங்களை முள்ளியவளைக் கடைக்காரி ஜெஸீமா திரட்டினார்.

இரண்டு பகுதியும் சேரும் முதல் கூட்டத்தை நேசமலர் வெள்ளிக்கிழமை மத்தியானம் வைத்தார். நல்ல நாளாம். மண்டபத்தில் ஒரு முஸ்லிமையும் காணோம்.

"பாத்தியளே, அவையள் வரமாட்டினம்," என்றார் வயல் செய்யும் கமக்காரர் மயில்வாகனம்.

நேசமலர் ஜெஸீமாவைப் போனில் கூப்பிட்டுக் கத்தினார்.

"அக்கா, வெள்ளிக்கிழமை மத்தியானமெண்டால் எங்களுக்கு ஜும்ஆ தொழுகை முடிஞ்ச பிறகுதானே! வந்துகொண்டிருக்கிறம்," என்றார் ஜெஸீமா. நேசமலர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வான் வண்டி நிறைய வந்தார்கள், பெரிய சட்டியில் கோழிப் புரியாணியோடு. மூடியைத் திறந்ததும் எட்டிப் பார்த்தவர்கள் பின்வாங்கினார்கள். வெள்ளிக்கிழமை இந்து வீடுகளில் மச்சம் மாமிசம் தொடமாட்டார்கள். இந்த முறை நாக்கைக் கடித்தவர் ஜெஸீமா.

நேசமலர்தான் முதலில் சிரித்தார். பிறகு கதிரையை விட்டு எழும்பினார்.

"இனி வெள்ளிக்கிழமை கூட்டமில்லை. புதன் வைப்பம். சரியோ?"

எல்லாக் கைகளும் உயர்ந்தன.

"பாருங்கோ, கொழும்பைக் கேளாமல் ஒரு சட்டம் போட்டிட்டம்!" என்றார் நேசமலர்.

அடுத்த புதன்கிழமை முதல் ஆளாய் வந்தவர் மயில்வாகனம். வாசலையே பார்த்துக்கொண்டு நின்று நேசமலரைக் கேட்டார்.

"பிள்ளை, அவையள் வருவினம்தானே?"