முனிரத்தினத்தின் செருமல்

முனிரத்தினத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. தெருமுனை திரும்புவதற்கு முன்பே தொண்டையைச் செருமுவார். வருகிறேன், ஒதுங்கு என்று அர்த்தம். இரண்டு முறை செருமினால், கிருஷ்ணப்பா மண்வெட்டியோடு ஓடிவர வேண்டும் என்று அர்த்தம். சத்தியவேட்டுப் பக்கத்து அந்த ஊரில், அவருடைய மாந்தோப்பில், கிருஷ்ணப்பா வாலிபத்தையெல்லாம் செலவழித்தார். ஒரு நாள்கூட அந்த வாயிலிருந்து தன் பெயரைக் கேட்டதில்லை. சளியிலேயே காரியம் முடியும்போது பெயர் எதற்கு என்று பெரியவர் நினைத்திருக்கலாம்.

கிருஷ்ணப்பாவின் மகள் ரூபா அந்தச் செருமலுக்கு ஒதுங்கியே வளர்ந்தவள். அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். பேச முடியாதவர்களுக்குப் பேச்சையும், விழுங்க முடியாதவர்களுக்கு விழுங்குவதையும் பழக்குகிற படிப்பு. திருப்பதியில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்தது. சேதி கேட்டு டீக்கடையே அதிரச் சிரித்தார் முனிரத்தினம்.

"துன்றதுக்கு ஒரு படிப்பா? எங்க வூட்டு எரும எந்த காலேஜுக்குப் போச்சு?"

அடுத்த வருடமே அவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது கை விழுந்து, வாய் கோணி, மூக்கில் குழாயோடு ரூபாவின் முன்னால் கொண்டுவந்து கிடத்தினார்கள். ஒரு மடக்குத் தண்ணீர் கொடுத்தால் அது நுரையீரலுக்கு வழி தேடியது. எருமைக்குத் தெரிந்தது அவருக்கு மறந்துவிட்டது.

"மேடம், எங்க நைனாவ எப்டியாவது துன்ன வெச்சுடுங்க மேடம்" என்று மகன் சுரேஷ்பாபு கைகூப்பினான். பிறகு, "மேடத்துக்கு எந்த ஊரு?"

சொன்னாள்.

"அட, நம்ம காலனியா? மொதல்லயே சொல்றதில்ல? சரி, பாத்து செய்மே."

'மேடம்' அங்கேயே கழன்று விழுந்தது.

"தாடைய எறக்குங்க. மூச்சப் புடிச்சுக்கினு முழுங்குங்க. ஒடனே செருமுங்க" என்றாள் ரூபா. தப்பிப் போன துளியை அந்தச் செருமல்தான் வெளியே தள்ளும். ஆனால் அவருக்கு வெறும் காற்றுதான் வந்தது.

"அப்டி இல்லீங்க. எங்க தெருவுல வருவீங்களே, அந்த மாதிரி."

முனிரத்தினத்துக்கு உறைக்கவில்லை. உறைக்கிற இடம் பக்கவாதத்துக்கு முன்பே மரத்துப்போயிருந்தது. நாள்தோறும் அவள் தன் தொண்டையைச் செருமிக் காட்டினாள். அவர் பார்த்துப் பழகினார். மெல்ல மெல்லப் பழைய சத்தம் திரும்பியது. குழாயை எடுத்தார்கள். கேழ்வரகுக் கூழ் இறங்கியது.

அடுத்தது பேச்சு. உதடு மூடாததால் 'ப' வரவில்லை. பால், பப்பாளி, பாப்பா என்று சொல்ல வைத்தாள். ஒருநாள், "கிருஷ்ணப்பா சொல்லுங்க" என்றாள்.

"கிருஷ்ணா" என்று அவர் சுவரில் இருந்த காலண்டர் பெருமாளை ஒற்றைக் கையால் கும்பிட்டார்.

"பாத்தியா, உசுரு வந்ததும் எங்க நைனாவுக்கு சாமி பேருதான் வருது!" என்று பூரித்தான் சுரேஷ்பாபு.

"இன்னும் கொஞ்சம் இருக்குதுங்க. ஒதட்ட மூடுங்க. கிருஷ்ணப்பா."

அவர் அவளைப் பார்த்தார். புரிந்துவிட்டது. உதடுகளை மூடினார், மூடியபடியே இருந்தார். இத்தனை நாளில் அவ்வளவு இறுக்கமாக மூடியதே இல்லை. பயிற்சி என்று பார்த்தால் முழு மதிப்பெண்.

அந்தச் சொல்லை அவர் உதட்டுக்காகக் கேட்டோமா, தன் நைனாவுக்காகக் கேட்டோமா என்று ரூபாவுக்கே தெரியவில்லை. நோயாளியிடம் கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டோமோ என்றும் இருந்தது. மறுநாளும் கேட்டாள். வீட்டுக்குப் போகிற அன்றும் கேட்டாள். அவர் பப்பாளி என்றார்.

சில வாரம் கழித்து கிருஷ்ணப்பா போன் செய்தார். "உன் வைத்தியம் நல்லா வேல செய்யுதும்மா. காத்தால தெருவுல செருமினாரு. உக்காந்துகினு இருந்த நானு சட்டுனு எழுந்துட்டேன்."

"உன் பேரு சொன்னாரா நைனா?"

"பேரா? அவுரு எதுக்கும்மா எம்பேர சொல்லணும்?"

மாங்காய் இறக்குகிற சமயத்தில் முனிரத்தினம் மாரடைப்பில் செத்தார். கிருஷ்ணப்பாவுக்குத் தர வேண்டிய அந்தப் பெயர் வாய்க்குள்ளேயே போனது. சிதைக்கு மாமரம் வெட்ட ஆள் வேண்டியிருந்தது. சுரேஷ்பாபு தெருமுனையில் வந்து நின்று இரண்டு முறை செருமினான்.