இடதில் ஆயிரம், வலதில் தொள்ளாயிரத்துச் சொச்சம்

தங்கைக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளையை அந்தத் தெருவில் டிஸ்க்காரர் என்பார்கள். பழைய கம்ப்யூட்டர், ஹார்ட் டிஸ்க் வாங்கி விற்கிற கடை. சிரித்த முகம், நெற்றிக்கு ஏற்றிவிட்ட கண்ணாடி, சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூடிரைவர். வீட்டில் எல்லோரும் தலையாட்டிவிட்டார்கள். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. வாய்ச்சாலக்காரரை நம்பிப் பெண் கொடுப்பதா? ஆளை ஆழம் பார்த்துவிடுவது என்று இறங்கினேன்.

முதலில் என் வீட்டுக்காரரை அனுப்பி ஒரு டிஸ்க் வாங்கவைத்தேன். மேஜையில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தனவாம். இடதுபக்கத்தில் செருகி, "பாருங்க சார், முழுசா ஆயிரம் ஜிபி" என்று காட்டினாராம். மறுநாள் அதே டிஸ்கை விற்கிற சாக்கில் நான் போனேன். எங்கள் இருவரையுமே அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. இந்தத் தடவை வலதுபக்கத்தில் செருகிவிட்டு உச்சுக் கொட்டினார்.

"தொள்ளாயிரத்து முப்பத்தொண்ணுதாம்மா காட்டுது. இதுக்கு என்னத்தைக் கொடுக்கிறது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நேத்து இங்க வாங்கினதுதான் இது! மீதியை எலி தின்னுடுச்சா? நான் பொண்ணோட அக்கா!"

மனிதருக்கு முகம் வெளிறிவிட்டது. அவசர அவசரமாக நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"அக்கா, ரெண்டுமே பொய் சொல்லலை. டிஸ்க் செய்யறவங்க ஆயிரம் ஆயிரமா எண்ணுறாங்க. இடதும் அப்படித்தான். வலதுக்கு ஒவ்வொரு படியிலயும் ஆயிரத்து இருபத்துநாலு சேர்ந்தாதான் ஒண்ணு. கட்டு பெரிசு, அதனால எண்ணிக்கை குறையுது. சரக்கு அதேதான்க்கா."

"அப்ப விக்கும்போது இடது, வாங்கும்போது வலதா?"

"அது... வியாபாரம்க்கா."

"நல்லா இருக்கே உங்க வியாபாரம்! என் தங்கச்சியை இப்படியொரு எமகாதகனுக்குக் கொடுப்பேனா? இந்தச் சம்பந்தமே வேண்டாம்!"

விருட்டென்று எழுந்து வாசல்வரை வந்துவிட்டேன். இவ்வளவு நாள் எல்லோரும் என்னைச் சந்தேகப் பிராணி என்று கேலி செய்தார்களே, இப்போது தெரியட்டும் என்று உள்ளுக்குள் ஒரே குஷி. பின்னாலிருந்து ரொம்பப் பணிவாக அவர் குரல் வந்தது.

"கோவிச்சுக்காதீங்கக்கா. உங்க தங்கச்சி போன்ல எல்லாத்தையும் சொல்லிட்டாங்க, வயசு முப்பத்தொண்ணுன்னு. எனக்கு அதுல ஒண்ணுமில்லை. ஆனா நீங்க எல்லாரும் இருபத்தொன்பதுன்னு சொன்னீங்களே, அது எந்தக் கம்ப்யூட்டர்ல பார்த்தது?"

நான் திரும்பி வந்து உட்கார்ந்தேன். கல்யாணத்துக்கு எந்த மாதம் தோதுப்படும் என்று பேச ஆரம்பித்தோம்.