செக்கரும் ஒன்பது மிளகாய்ச் செடிகளும்

செக்கர் மிளகாய் வளர்க்க ஆரம்பித்ததற்குக் காரணம் செடி மேல் ஆசை அல்ல, மிளகாய்த் தூள் மேல் சந்தேகம். கடையில் வாங்கிய தூளைக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் போட்டு, மிதக்கிறதா அடியில் தங்குகிறதா என்று அரை மணி நேரம் குனிந்து பார்த்தார். கொஞ்சம் மிதந்தது, கொஞ்சம் தங்கியது. தங்கியது செங்கல் பொடிதான் என்று முடிவு கட்டிவிட்டார். மிதந்ததையாவது நம்பினாரா என்றால் அதுவும் இல்லை.

முப்பத்தோரு வருடம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகியும் அந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் அவர் செக்கர்தான். வேலையில் ஆள் கெட்டிக்காரர், அதை மறுக்கக் கூடாது. பஸ்ஸில் ஏறியதும் யார் முகத்தையும் பார்க்க மாட்டார், கைகளைத்தான் பார்ப்பார். டிக்கெட் எடுக்காதவன் கை சும்மா இருக்காதாம். நேராகப் போய் அந்த ஆள் முன்னால் நிற்பார். பத்துக்கு ஒன்பது முறை சரியாக இருக்கும்.

தொல்லை என்னவென்றால், வேலைக்கு ஓய்வு கொடுத்தார்கள், அந்தக் கண்ணுக்கு யாரும் ஓய்வு கொடுக்கவில்லை. பால் பாக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். வாட்ச்மேன் சிரித்தால், எதற்குச் சிரித்தான் என்று இரண்டு மாடி ஏறி முடிக்கும் வரை யோசிப்பார். ஒரே மகளுக்கு வரன் வந்தபோது, பையனுடைய ஆபீஸ் வாசலுக்கு எதிரே டீக்கடையில் பதினொரு நாள் உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டாம் நாள் பையனே ரோட்டைத் தாண்டி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, தான் தினமும் ஒன்பதே காலுக்கு வந்துவிடுவதாகவும், இனி மாமா வெயிலில் அலைய வேண்டாம் என்றும் சொன்ன பிறகுதான் கல்யாணம் நிச்சயமாயிற்று. மகள் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள்.

இவரோடு முப்பத்து மூன்று வருடம் குடித்தனம் நடத்தியவள் அவர் மனைவி. துணிக்கடை ஒன்றில் ஆல்டரேஷன் டெய்லர். பேன்ட்டின் நீளத்தைக் குறைப்பது, ரவிக்கையின் பக்கம் பிரிப்பது, பிய்ந்த ஜிப்பை மாற்றுவது, இதெல்லாம் அவள் வேலை. காலை எட்டரைக்குக் கிளம்பினால் சாயங்காலம்தான் திரும்புவாள். புருஷனுடைய கேள்விகளை ஒரு காதில் வாங்கி இன்னொரு காதில் விட அவள் என்றைக்கோ பழகியிருந்தாள். அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

கடைத் தூளை நம்பாதவர் விதையை மட்டும் நம்பிவிடுவாரா? விதைப் பாக்கெட்டில் இருபத்தைந்து என்று அச்சடித்திருந்தது. எண்ணினார், இருபத்து மூன்று. அதிலேயே முகம் சுருங்கிவிட்டது. ஒரு ராத்திரி ஊறவைத்து, ஈரத் துணியில் மடித்து, பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, இளஞ்சூடு இருக்கட்டும் என்று ஃபிரிட்ஜின் தலையில் வைத்தார். எட்டாம் நாள் வரை ஒன்றும் அசையவில்லை. விதையை அவித்து விற்கிறார்கள் என்று மனைவியிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். பதினோராம் நாள் துணியைப் பிரித்தபோது வெள்ளை வெள்ளையாகப் பதினேழு வால்கள் எட்டிப் பார்த்தன. அன்றைக்கு மட்டும் அவர் யாரையும் எதுவும் சொல்லவில்லை.

தயிர் டப்பாக்களின் அடியில் ஓட்டை போட்டு ஒவ்வொன்றிலும் ஒரு நாற்று வைத்தார். பஸ் சீட்டுக்குப் போடுவது போல நம்பர் போட்டார். முதல் மாதத்தில் சில அடித்தண்டு அழுகிச் சாய்ந்தன. தேறியதில் நல்லதாக ஒன்பதைப் பொறுக்கிப் பெரிய தொட்டிகளுக்கு மாற்றி, அவற்றிலும் நம்பர் ஒட்டி, பின்பக்கத்து பால்கனியில் வரிசையாக வைத்தார். பால்கனி என்றுதான் பேர். திருடன் பைப்பைப் பிடித்து ஏறி வருவான் என்று பத்து வருடத்துக்கு முன்பே அதை மேலிருந்து கீழ் வரை கண்ணாடி போட்டு அடைத்திருந்தார். வெயில் தாராளமாக உள்ளே வரும். வேறு ஒன்றும் வராது.

மூன்றாம் மாதம் பூ வந்தது. வந்த பூவெல்லாம் ஒரு வாரத்தில் காம்போடு கழன்று விழுந்தது. தண்ணீரைக் குறைத்தார். அடுத்த வாரம் பூ உதிராமல் நின்றது, ஊசி முனை அளவுக்குப் பச்சைப் பிஞ்சு தெரிந்தது. 'தண்ணீர் குறைத்ததன் பலன்' என்று செடிகளுக்கென்றே வைத்திருந்த நோட்டில் எழுதி அடிக்கோடு இட்டார்.

இதோடு விட்டிருந்தால் கதையே இல்லை. ஆனால் இரண்டு நாள் கழித்து நாலாம் நம்பர் தொட்டியைப் பார்த்தவருக்கு மூக்கில் வியர்த்தது. நம்பர் ஒட்டிய பக்கம் அவரைப் பார்த்து இருக்க வேண்டும். அது கண்ணாடியைப் பார்த்து இருந்தது. மற்ற தொட்டிகளும் அப்படியே. யாரோ எல்லாவற்றையும் அரைவட்டம் திருப்பி வைத்திருக்கிறார்கள். பூதக்கண்ணாடியை எடுத்துவந்து குனிந்தார். பூவுக்குள் இருக்க வேண்டிய வெளிர்ப் பொடி வெளி இதழில் இழுகியிருந்தது. ஒரு பூவில் நீல நிறத்தில் பஞ்சுத் துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

யாரோ செடியில் கை வைக்கிறார்கள்.

அவர் முதலில் சந்தேகப்பட்டது மேல் மாடி மருந்துக்கடைக்காரரை. அவரும் மொட்டை மாடியில் தொட்டி வைத்து மிளகாய் வளர்க்கிறவர். போதாக்குறைக்கு, முந்தின நாள் படியில் பார்த்தபோது, "என்ன செக்கர் சார், பிஞ்சு நிக்குதா?" என்று கேட்டிருந்தார். இரண்டாம் மாடியில் அடைத்த கண்ணாடிக்குள் இருக்கும் செடியில் பிஞ்சு நிற்பது நாலாம் மாடிக்காரருக்கு எப்படித் தெரியும்? அதை விட்டாலும், அன்று சாயங்காலம் படி ஏறி வரும்போது அந்த மனிதரும் தன் மனைவியும் நின்று பேசிக்கொண்டிருந்ததை அவர் பார்த்தார். இவர் தலை தெரிந்ததும் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மருந்துக்கடைக்காரர், "சரிக்கா, வரேன்" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டார்.

மறுநாள் காலை நடைக்குக் கிளம்பும் முன் மனைவியின் தையல் பெட்டியிலிருந்தே நூல் எடுத்து, ஒன்பது தொட்டிகளையும் சுற்றி இழுத்துக் கட்டினார். பஸ் கூரையில் மூட்டை கட்டுகிற முரட்டு முடிச்சு அவருடையது. ஆறு மணிக்குப் போய் ஏழு மணிக்கு வந்தார். நூல் அதே இடத்தில் இருந்தது. முடிச்சு வேறு. மணி மணியான, சிறிய, அழகான முடிச்சு. அந்த மாதிரி முடிச்சுப் போட அந்த வீட்டில் ஒரு கைக்குத்தான் தெரியும்.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். சமையலறைக்குப் போய், 'ஏன் என் செடியைத் திருப்பறே?' என்று கேட்டிருப்பார்கள், பதிலும் வந்திருக்கும். செக்கருக்கு அப்படி ஓடவில்லை. நூலை அவிழ்த்தது வேறு ஒருவர், அதை மறைக்க முடிச்சுப் போட்டது இவள் என்று ஓடியது. பயணி தப்பிக்க உடந்தையாக இருக்கும் கண்டக்டர்களை அவர் நிறையப் பார்த்தவர் ஆயிற்றே. பால்கனிக் கதவுக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டார். சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பூட்டைப் பார்த்த மனைவி, துணி காயப்போட வேண்டுமானால் என்ன செய்வது என்று மட்டும் கேட்டாள். தான் திறந்துவிடுவதாகச் சொன்னார். அதோடு வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். மனிதருக்கு முடியவில்லை.

"நான் நடக்கப் போற நேரத்துல யாரை வீட்டுக்குள்ள விடறே?"

அவள் கையில் இருந்த துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். மடித்து முடித்து, வைத்துவிட்டு, அவரைப் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் அவருக்குச் சமாதானமாக இருந்திருக்கும். அவள் முகத்தில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. அவள் பதில் சொல்லாதது அவருக்கு ஒப்புக்கொண்டது போலத் தெரிந்தது. அடுத்த நாள் வேலைக்குப் போகும்போது ஒரு பையையும் எடுத்துக்கொண்டாள். தங்கை வீட்டில் கொஞ்ச நாள் இருக்கப் போவதாகச் சொன்னாள். எத்தனை நாள் என்று சொல்லவில்லை.

பூட்டிய பால்கனியில் இப்போது யார் கையும் படவில்லை. செக்கர் காலையும் மாலையும் திறந்து, தண்ணீர் ஊற்றி, பூட்டினார். தொட்டிகளில் நம்பர்கள் எல்லாம் அவரைப் பார்த்து இருந்தன. எண்ணி ஆறு நாளில் பூக்கள் உதிர ஆரம்பித்தன. முன்பே பிடித்த பிஞ்சுகள் மட்டும் தங்கின, புதிதாக ஒன்றும் பிடிக்கவில்லை. செடிகள் எல்லாம் கண்ணாடிப் பக்கமாகச் சாய்ந்து, கழுத்தை நீட்டி எதையோ எட்டிப் பார்ப்பவர்களைப் போல நின்றன. தண்ணீரைக் குறைத்தார். பிறகு அதிகமாக ஊற்றினார். தரையெல்லாம் வெள்ளைப் பூவாகக் கிடந்தது.

பத்தாம் நாள் வேறு வழியில்லாமல், உதிர்ந்த பூக்களை ஒரு காகிதத்தில் பொதிந்துகொண்டு மருந்துக்கடைக்குப் போனார். போகும்போதும் சந்தேகத்தை விடவில்லை. இந்த ஆள் என்ன பதில் சொல்கிறான், சொல்லும்போது கை என்ன செய்கிறது என்று பார்க்கத்தான் போனார்.

மருந்துக்கடைக்காரரின் கை மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தது. பூவைப் பார்த்ததும் அவருக்கு ஆச்சரியம். அக்கா பிரஷ் போடுவதை நிறுத்திவிட்டார்களா என்று கேட்டார்.

"எந்தப் பிரஷ்?"

அவர் சொல்லச் சொல்லச் செக்கர் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடைத்த கண்ணாடிக்குள் காற்று வராது, தேனீ வராது, பூ தானாக ஆடாது, அதனால் கொட்டிப்போகிறது. முதல் முறை பூ உதிர்ந்தபோதே அக்கா வந்து கேட்டார்களாம். சின்னப் பிரஷால் தினமும் பூவுக்குள் லேசாகத் தடவிவிடச் சொன்னாராம். தையல் மெஷினில் பஞ்சு தட்டுகிற பிரஷ் போதுமா என்று அக்கா கேட்டார்களாம். தொட்டியை அப்பப்போ திருப்பி வைத்தால் செடி சாயாது என்பதும் இவர் சொன்னதுதான். பிஞ்சு பிடித்த அன்று படியேறி வந்து சொல்லிவிட்டுப் போனார்களாம்.

"உங்ககிட்ட சொல்லிட்டே செய்யலாமேன்னு கேட்டேன் சார். சொன்னா அவருக்கு அது தன்னால வந்ததுன்னு இருக்காது, நோட்டுல எழுதி வச்சிருக்கார், பாவம், அப்படியே இருக்கட்டும்னாங்க."

செக்கர் காகிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். வெட்கமாக இருந்தது. சின்ன வெட்கம் இல்லை, ரோட்டில் போகிறவர்களுக்கெல்லாம் விஷயம் தெரிந்துவிட்டது போன்ற வெட்கம். அவருடைய தொழில் வாழ்க்கையில் பத்தில் ஒன்று தப்பாகும்போது, "சரி, போ" என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விடுவார். அந்த ஆட்கள் அப்புறம் என்ன ஆனார்கள், அன்றைக்கு வீட்டுக்குப் போய் என்ன நினைத்தார்கள் என்று அவர் யோசித்ததே கிடையாது.

அன்றைக்கே இரண்டு பஸ் மாறி மைத்துனி வீட்டுக்குப் போனார். வாசலில் நின்று மணி அடிக்கப் போனவரின் கண், கேட்காமலேயே, கீழே கிடந்த செருப்புகளைப் பார்த்தது. மனைவியின் செருப்பு இருந்தது. அப்பாடா என்று நிமிர்ந்தால், ஜன்னலில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். கதவைத் திறந்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

"என்னைக் கூப்பிட வந்தீங்களா, இல்ல நான் இங்கதான் இருக்கேனான்னு பாக்க வந்தீங்களா?"

கூப்பிடத்தான் என்று சொல்லிவிடலாம். பஸ்ஸில் வரும்போது அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். ஆனால் அந்தக் கேள்விக்கு முன்னால் அது பொய்யாகத் தெரிந்தது.

"கூப்பிடத்தான் கிளம்பினேன். வாசல்ல வந்ததும் செருப்பைப் பாத்தேன். என்னமோ, கண்ணு தானா போகுது."

அவள் கதவைப் பிடித்தபடியே நின்றாள். உள்ளே தங்கை ஏதோ பாத்திரத்தை வேண்டுமென்றே சத்தமாக வைத்தாள். செக்கர் பூட்டின் சாவியை எடுத்து நீட்டினார். அது தனக்கு வேண்டாம், பூட்டைக் கழற்றிப் போடுங்கள் என்றாள். பிறகு, "ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு வரேன். நீங்க வர வேணாம், போனும் பண்ண வேணாம். நானா வருவேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவள் வரவில்லை. பத்தரைக்கும் வரவில்லை. செக்கர் மூன்று முறை போனை எடுத்து மூன்று முறையும் கீழே வைத்தார். தெருவைப் பார்த்த ஜன்னல் பக்கம் போகாமல் இருக்க, சமையலறையில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். வர மாட்டாளோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வேறு எங்காவது போயிருப்பாளோ என்றும் அடித்துக்கொண்டது. அந்த இரண்டாவதுக்காகத் தன்னைத்தானே திட்டிக்கொண்டார். பன்னிரண்டே முக்காலுக்குக் கதவு திறந்தது. அவள் பையைக் கீழே வைத்துவிட்டு நின்றாள், முகமெல்லாம் வியர்வை.

ஏன் இவ்வளவு நேரம் என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினார். சாப்பிட்டாயா என்று கேட்டார்.

அவள் அவரையே பார்த்தாள். விழுங்கியது அவளுக்குத் தெரிந்திருக்கும், முப்பத்து மூன்று வருடத்துப் பழக்கம். அவள் முகம் கொஞ்சம் இளகியது. "வழியில என்னாச்சுன்னா..." என்று தானாகவே ஆரம்பித்தாள்.

"வேணாம், சொல்ல வேணாம்" என்றார் செக்கர்.

அவள் சரியென்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள். அவருக்குத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று உயிர் போனது.