கூடைக்கு மாறிய கோழிகள்

சத்தியவேடு பக்கத்துக் கிராமங்களில் நாட்டுக்கோழி வாங்கிப் புத்தூர்ச் சந்தையில் விற்பது தங்கவேலுவின் பதினெட்டு வருசத் தொழில். கால்களைக் கட்டி, மொபெட் கைப்பிடியின் இரண்டு பக்கமும் தலைகீழாகத் தொங்கவிட்டால் ஒரே நடையில் இருபது கோழி வந்துவிடும். அவை போடுகிற கத்தலில் ஹாரனே தேவைப்படாது.

போன வருசம் வண்டி சறுக்கித் தொடை எலும்பு முறிந்தது. திருப்பதி ஆஸ்பத்திரியில் காலில் எடையைக் கட்டி, கட்டிலின் கால்மாட்டை உயர்த்தி, தலை தாழ்வாகக் கிடக்க வைத்தார்கள். மூன்று வாரம். ரத்தமெல்லாம் முகத்துக்கு இறங்கிவிட்டதுபோல் இருந்தது.

"இன்னாயா, உன்னையும் சந்தைக்குக் கட்டிட்டாங்களா?" என்று சிரித்தாள் மனைவி அம்சவேணி.

அவரும் சிரிக்கத்தான் பார்த்தார். முடியவில்லை.

கால் தேறியதும் இரண்டு மூங்கில் கூடை வாங்கி வண்டியின் பின்னால் கட்டினார். பன்னிரண்டு கோழிதான் கொண்டது.

"எப்டியும் கொழம்புக்குத்தானே போவுது?" என்றாள் அம்சவேணி.

"போவுது. அதுவரிக்கும் அதுக்குத் தல சுத்தாதா?"

"ஒரே ஒரு சந்த பாப்பேன். வித்துக்கினு வரலன்னா கூடையை அடுப்புல வெச்சிருவேன்."

சந்தையில் கோழிகள் கூடைக்குள் அமைதியாக உட்கார்ந்திருந்தன. அதுவே வினையாகிப்போனது. தொங்கிக்கொண்டு படபடவென்று அடித்துக்கொள்வதைத்தான் அங்கே நல்ல கோழி என்பார்கள். வந்தவர்கள் எட்டிப் பார்த்து, "சீக்குக் கோழியா?" என்று நகர்ந்தார்கள். பதினோரு மணிவரை ஒன்றுகூடப் போகவில்லை.

பழைய வாடிக்கையான பிரியாணிக் கடை இஸ்மாயில் வந்து குனிந்தார்.

"இன்னா தங்கவேலு, எல்லாம் தூங்கிக்கினு கீது?"

"அலுங்காம வந்துதுங்க பாய், அதான்."

"யார்கிட்ட கத வுடற?" என்று மூடியை முழுசாகத் திறந்தார் இஸ்மாயில்.

செவலைச் சேவல் ஒன்று அவர் தோளில் ஏறி, தக்காளிக் குவியலில் குதித்து, வளையல் கடைக்குள் புகுந்தது. தங்கவேலு விந்தி விந்தி ஓடினார். இஸ்மாயில் லுங்கியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். "பட்டுகோ, பட்டுகோ!" என்று தெலுங்கில் கூவிக்கொண்டு பாதிச் சந்தையும் ஓடியது. ஒருவழியாகப் பிடிபட்டபோது இஸ்மாயிலுக்குத்தான் மூச்சு வாங்கியது, சேவலுக்கு இல்லை.

"இதுவா பாய் சீக்கு?"

"இன்னா தெம்புயா! பன்னண்டையும் எனக்கே குடு. கூடையோட குடு, இன்னொரு தபா என்னால ஓட முடியாது."

வெறும் வண்டியோடு வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து அம்சவேணி கேட்டாள், "கூட எங்கயா?"

"பாய் தூக்கிக்கினு போய்ட்டாரு."

அவள் கொஞ்ச நேரம் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பின்சீட்டை முழம் போட்டு அளந்தாள்.

"நாலா வாங்கியா. ரெண்டுமேல ரெண்டு வெச்சா இருபதும் கொள்ளும்."