கொரிய எழுத்தாளருக்கு ஓர் அர்ச்சனை

எங்கள் வீட்டில் கொரிய நாடகங்களை நடிகர்களுக்காகப் பார்த்தவர்கள் நானும் அம்மாவும். மாமி எழுதியவரைப் பார்த்துத்தான் நாடகத்தைத் தெரிவுசெய்வார். மாமி அப்பாவின் தங்கை. கல்யாணம் கட்டாமல் ஹம்பேர்க்கில் எங்களோடு இருந்தவர். பேக்கரி ஒன்றில் விற்பனை வேலை முடித்து வந்து, சப்பாத்தைக் கழற்றிய கையோடு மடிக்கணினியைத் திறப்பார். படத்தின் கீழே ஜெர்மன் எழுத்துகள் ஓடும். "ஆர் நடிச்சதெண்டதில ஒண்டுமில்லை, மச்சாள். ஆர் எழுதினதெண்டு பாருங்கோ" என்று அம்மாவுக்குப் பாடம் எடுப்பார்.

அவர் பார்த்ததெல்லாம் ஒரே எழுத்தாளரின் நாடகங்கள்தான். மூன்று துண்டுகளாக வரும் பெயர். அந்தப் பெண் இன்னமும் எழுதிக்கொண்டிருப்பதால் பெயரை இங்கே சொல்லவில்லை. மாமிக்கு அவர் 'எழுதுற அக்கா'. என் சொந்தக்காரர்களின் கதையைவிட அந்த அக்காவின் உத்தியோகக் கதைதான் எனக்கு அப்போது நன்றாகத் தெரியும். வானொலியில் நேயர் கடிதங்களைத் திருத்தும் வேலையில் தொடங்கியவர். பிறகு பெரிய எழுத்தாளர் ஒருவருக்கு உதவியாளராகி, கோப்பியும் ஊற்றிக்கொடுத்து வசனமும் எழுதிக்கொடுத்துப் பல வருடம் பெயர் வராமல் இருந்தவர். பிறகு, பெண்கள் சமைத்தபடி பார்க்கிற காலை நாடகங்கள். நாற்பதைத் தாண்டிய பிறகுதான் இரவு நாடகம் கிடைத்தது. முதலாவது ஊரையே கட்டிப்போட்டது, அடுத்தது படுத்துவிட்டது. படுத்ததையும் மாமி விடாமல் இரண்டு தரம் பார்த்தார்.

காரணம், அந்த அக்காவின் கதையில் நோயாளி சாவதில்லை. மற்ற எழுத்தாளர்கள் கடைசிக் கிழமையில் கதாநாயகிக்கு ஒரு புற்றுநோயைக் கொடுத்து ஆளை முடித்துவிடுவார்கள். இவரும் வருத்தத்தைக் கொடுப்பார், ஆனால் பொறுப்பாகத் திருப்பி எடுத்தும் விடுவார்.

அந்தக் கோடையில் மாமியின் வயிற்றில் ஒரு கட்டி இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். ஹம்பேர்க்கிலிருந்து காரில் போகிற தூரத்தில் இருந்த ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேர் முடிந்த அடுத்த கிழமை ஒப்பரேஷன். நல்ல கட்டியா கூடாத கட்டியா என்பது வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். இதெல்லாம் நான் பின்னர் அறிந்தது. சிறுபிள்ளையான எனக்குச் சொல்லப்பட்டது, மாமிக்கு ஒரு டெர்மின், அதாவது முன்பே குறித்த நேரம், இருக்கிறது என்பது மட்டும். எங்கள் வீட்டில் பல்லுக்கும் டெர்மின், கார் சில்லு மாற்றவும் டெர்மின். நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

எனக்கு வேறு கவலை இருந்தது. கொரியாவில் நாடகத்தை எழுத எழுதவே ஒளிபரப்புவார்கள். காலையில் வருகிற பக்கங்களைப் பின்னேரம் படம்பிடிப்பதும் உண்டாம். அப்படி ஒரு நாடகத்தின் நடுவில் எழுதுற அக்கா மயங்கி விழுந்துவிட்டார். கதாநாயகியோ கதைக்குள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். வேறு யாரையாவது வைத்து முடிக்கப் போகிறார்கள் என்று ரசிகர்கள் இணையத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள். அதை வாசித்த மாமியின் முகம் செத்துப்போனது. "வேற ஆக்கள் எழுதினா அந்தப் பிள்ளையைச் சாக்கொண்டுபோடுவினம்" என்றார்.

தேருக்குப் போகும் வழியில், மாமியின் பெயருக்கு ஒரு அர்ச்சனை செய்வோம் என்று அம்மா காரில் சொன்னார். மாமி மறுத்துவிட்டார். "எனக்கெண்டு கேக்கமாட்டன், மச்சாள். கேட்டுக் கிடைக்காட்டி, பிறகு என்ன முகத்தோட அந்த வாசலுக்குப் போறது?" எதைக் கேட்கமாட்டேன் என்கிறார் என்பது எனக்கு விளங்கவில்லை. சம்பள உயர்வாக இருக்கும் என்று நினைத்தேன்.

அப்பா கார் நிறுத்த இடம் தேடிப் போக, நாங்கள் மூவரும் சனத்துக்குள் இடிபட்டு உள்ளே போனோம். திடீரென்று மாமி அர்ச்சனைத் தட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றார். அம்மாவின் முகம் மலர்ந்தது.

"ஆற்ற பேருக்கு?" என்று ஐயர் கேட்டார்.

மாமி அந்த மூன்று துண்டுகளையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"இது ஆரம்மா?"

"கொரியாவில இருக்கிறா, ஐயா. வருத்தமாக் கிடக்கிறா."

ஜெர்மன்காரருக்கும் அர்ச்சனை செய்து பழகிய ஐயர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. நட்சத்திரம் என்னவென்று கேட்டார். கொரியாக்காரிக்கு எங்கே நட்சத்திரம் என்று அம்மா தடுமாறி, "தெரியாட்டி அம்பாளின்ர பேருக்கே செய்யுங்கோ, ஐயா" என்றார்.

"தெரியும்" என்றார் மாமி. "விசாகம்."

ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் வீட்டில் எல்லோருக்கும் அர்ச்சனை செய்வதால் எனக்கு எங்கள் நட்சத்திரங்கள் மனப்பாடம். "அது உங்கட நட்சத்திரமெல்லோ, மாமி?" என்றேன்.

மாமி கண்ணை மூடிக் கும்பிட்டார். "அவவுக்கும் அதுதான், பிள்ளை."

அம்மா என் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஐயர் கொரியப் பெயரை மந்திரத்துக்குள் ஒருவாறு நுழைத்து அர்ச்சனையை முடித்தார். மாமியின் கன்னம் முழுக்கக் கண்ணீர். ஒரு நாடகத்துக்காக இப்படியும் அழுவதா என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

எழுதுற அக்கா எழும்பிவிட்டார். மிச்சத்தைத் தானே எழுதி முடித்தார். கதாநாயகி பெட்டியோடு வீட்டுக்கு நடந்து போனாள். ஒப்பரேஷன் முடிந்து படுத்திருந்த மாமியோடு, இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு, அப்பாவின் போனில் அதைப் பார்த்தேன். "சொன்னனான்தானே" என்று மாமி சிரித்தார். அவருடையது கூடாத கட்டியாக இருந்தது. அடுத்த கோடையைக் காணாமல் போய்ச் சேர்ந்தார்.

அந்த அக்கா அதற்குப் பிறகும் நிறைய எழுதிவிட்டார். எல்லாவற்றையும் பார்க்கிறேன். சில வேளை அவர்மேல் கோபம்கூட வரும். அவர் செய்த குற்றம் ஒன்றுமில்லை. செத்தவர்களுக்கு அர்ச்சனை செய்வதில்லை. அதனால் ஊன்ட்றொப் போகும்போதெல்லாம் நானும் அந்த மூன்று துண்டுப் பெயரையே சொல்கிறேன், நட்சத்திரம் விசாகம் என்கிறேன்.

அந்தத் தேர் நாளில் திரும்பி வரும்போது, மாமிக்கும் எழுதுற அக்காவுக்கும் ஒரே நட்சத்திரம் என்று அப்பாவுக்குப் பெருமையாகச் சொன்னேன். அப்பா ரேடியோவை நிற்பாட்டினார். என் பக்கத்தில் மாமி நித்திரை போலக் கண்ணை மூடியிருந்தார். நான் யன்னலால் வெளியே பார்த்தபடி, கொரியாவில் பிள்ளை பிறந்தால் நட்சத்திரம் பார்த்துச் சொல்வது யாராக இருக்கும் என்று ஹம்பேர்க் வரைக்கும் யோசித்துக்கொண்டு வந்தேன்.